ட்யூப் இல்லாத நான்கு டயர்கள்

டிரைவர் இடுப்பு பிடித்துப் படுத்துப் பதினோரு நாளாகியிருந்தது. கட்டிலில் புரண்டு படுக்கக்கூட மனைவியின் தோள் வேண்டியிருந்தது. எல்லாம் அந்த ஜீப்பால் வந்த வினை. அவரைவிட நாலு வயது மூத்த வண்டி. கல்குவாரிக் குடியிருப்புக்கு ஏறும் மலைப்பாதையில் வேறு எந்த வண்டியும் போகாது என்பதால் அதற்கு ஓய்வும் இல்லை. வாரம் தவறாமல் பஞ்சர். ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, ட்யூபை உருவி ஒட்டுப்போட்டு, மறுபடி மாட்டிக் காலால் பம்ப் அடிக்க வேண்டும். கடைசியாக அப்படிக் குனிந்தவர் நிமிரவே இல்லை. இரண்டு குவாரி ஆட்கள் தூக்கி வந்து வீட்டில் போட்டார்கள்.

அவர் படுக்கையில் கிடந்தபோதே மனைவி நாலு சக்கரங்களையும் கழற்றச் சொல்லி, ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அண்ணனின் டயர் கடைக்குப் போனாள்.

“ட்யூப்லெஸ் போட்டுடுண்ணே. ஆணி குத்தினா சக்கரத்தைக் கழட்டாமலே திரி சொருகி அடைச்சிடலாமாம். அவரு குனிய வேண்டியதில்ல.”

அண்ணன் ஒரு ரிம்மைத் தரையில் படுக்க வைத்தார். உள்விளிம்பில் விரலை ஓட்டினார்.

“இது அந்தக் காலத்து ரிம்முமா. இப்ப வர்ற ரிம்முல இங்க ஒரு மேடு இருக்கும். டயர் நழுவாம அதுதான் பிடிச்சுக்கும். இதுல தொட்டுப் பாரு, வழவழன்னு கெடக்கு. இதுக்கு ட்யூப்தான் சரி.”

“போடவே முடியாதா?”

“போடலாம். தார் ரோட்டுல ஓட்டுறவங்க போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. மச்சான் ஓட்டுறது ரோடா?”

“நீ வந்து அவரை ஒரு தடவ திருப்பிப் படுக்க வெச்சுப் பாரு. அப்புறம் பேசு.”

அண்ணனுக்குத் தங்கையிடம் வாதாடி ஜெயித்த பழக்கம் கிடையாது. துருவைத் தேய்த்து, ரிவெட் வழியாகக் காற்று கசியாமல் பூச்சுப் பூசி, இரண்டு நாளில் புது டயர் மாட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒண்ணே ஒண்ணு. கல்லுல ஏறப் பிடிப்புக் கிடைக்கணும்னு மச்சான் பாதிக் காத்த இறக்கி விடுவாருல்ல, அது இனி ஆகவே ஆகாது. இறக்கினா ஏதாவது ஒரு வளைவுல டயர் ரிம்ம விட்டு வெளிய வந்துடும். உள்ள ட்யூப் இருந்தா கொஞ்சமாவது தாக்குப்பிடிக்கும். இதுல மொத்தக் காத்தும் ஒரு நொடியில போயிடும். மறக்காம சொல்லிடு.”

“சொல்றேன்.”

சொல்லவில்லை. மறந்து போகவும் இல்லை. காற்றை இறக்கக் கூடாது என்று சொன்னால், அப்படியென்றால் எனக்கு ட்யூப்பே போதும் என்பார். திரும்பவும் நடுவழியில் குனிவார். இடுப்பு நன்றாகத் தேறட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நடுவில் ஒரு நாள் அண்ணன் போனில் கேட்டபோது, “அப்பவே சொல்லிட்டேனே” என்றாள்.

டிரைவர் எழுந்து ஓட்ட ஆரம்பித்தார். மூன்று வாரம் ஒரு பஞ்சர் இல்லை. ராஜா மாதிரி உட்கார்ந்து ஓட்டிவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்கு வந்து சிரித்தார்.

செவ்வாயும் வெள்ளியும் நர்ஸ் ஒருத்தி அந்த ஜீப்பில் மேலே குடியிருப்புக்குப் போவாள். குவாரிப் பிள்ளைகள் அவளை ஊசியக்கா என்று கூப்பிடுவார்கள். நாலாவது வாரத்து வெள்ளிக்கிழமை, பிற்பகலில் இறங்கும்போது, ஓடையை ஒட்டிய வளைவில் முன்பக்கத்து டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. ஜீப் அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகவே ஓடைக்குள் சாய்ந்தது. டிரைவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. நர்ஸ் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

வண்டியைச் சோதித்த இன்ஸ்பெக்டர் டயரில் ஒரு கீறலும் இல்லை என்றார். “காத்து எவ்வளவு வெச்சிருந்த?”

“பாதிதான் சார். மலையடியில இறக்கினேன். இருபது வருஷமா அப்படித்தான் இறக்குறேன்.”

டிரைவரின் அஜாக்கிரதை என்று எழுதிக்கொண்டார். டிரைவரும் அதைத்தான் நம்பினார். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, “புது டயர்னு தெரியும். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்” என்பார். அவள் குழம்பை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொள்வாள். சொல்லியும் மச்சான் கேட்கவில்லை என்ற கோபத்தில் அண்ணன் அந்த வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு மாதம் கழித்து நர்ஸின் புருஷன் வந்தார். பஸ் டெப்போவில் கிளார்க். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. சண்டைக்கு வந்தவர் மாதிரியும் தெரியவில்லை.

“ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அந்தப் பாதையில காத்து இறக்குறது தப்பா?”

“பழைய டயருக்குத் தப்பில்லைங்க. இதுக்குத் தப்பாம், இன்ஸ்பெக்டர் சொன்னாரு. எனக்குத் தெரியாமப் போச்சு.”

“மாட்டினவங்க யாரும் சொல்லலையா?”

டிரைவர் இல்லை என்று தலையை ஆட்டினார். தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த அவள் அதைக் கீழே வைத்தாள்.

“சொன்னாங்க,” என்றாள். “எங்கண்ணன் எங்கிட்ட சொன்னாரு. இவர்கிட்ட சொல்லுன்னாரு. நான் சொல்லல.”

டிரைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கிளார்க்தான் கேட்டார், “ஏன்?”

“சொன்னா ட்யூபே போடும்பாரு. அப்புறம் இடுப்பு…”

கிளார்க் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவளுக்கும் இடுப்பு வலிதான். அந்த ஜீப் குலுக்கல்ல வந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி நான்தான் தைலம் தேய்ச்சு விடுவேன்,” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் வாசல்வரை அவர் பின்னால் போனாள்.

அன்று ராத்திரி டிரைவர் தன் பாயைத் திண்ணையில் விரித்துக்கொண்டார். மறுநாள் அவளே இன்ஸ்பெக்டரிடம் போய் எழுதிக் கொடுத்தாள். அவர் வாங்கிப் படித்தார். “ஓட்டினது அவர்தானேம்மா” என்று சொல்லிக் கோப்பில் சொருகினார்.

வழக்கு நடந்து டிரைவருக்கு ஒரு வருஷம் ஜெயில் தண்டனை கிடைத்தது. முதல் இரண்டு ஞாயிறும் அவள் போய்க் காத்திருந்தாள். அவர் பார்க்க வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“வலி எப்படி இருக்குங்க?”

“தரையில படுக்குறேன். பரவாயில்ல.”

அவளுக்குச் சொல்ல வேண்டியது ஏராளம் இருந்தது. அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“உங்கண்ணன்கிட்ட சொல்லு, வண்டிய வித்துடட்டும். வாங்குறவன்கிட்ட நடந்ததை எல்லாம் சொல்லித்தான் விக்கணும். ஒண்ணு விடக்கூடாது.”

“சரிங்க.”

நேரம் முடிந்தது என்று காவலர் குரல் கொடுத்தார். அவர் எழுந்துகொண்டார். அடுத்த வாரமும் வருகிறேன் என்றாள். அவர் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.