கண்ணை மூடிக்கொண்டு

பாரபட்சம் என்ற நோயைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும், போகிற போக்கில் இந்தியாவிலிருந்தும் ஒழித்துக்கட்டவே பிறந்தவன் நாறும்பூநாதன், இதில் நாறும்பூநாதனுக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை, இன்று மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை... ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருடம், கற்பித்தல் பயிற்சிக்கென்று இந்த ஆற்றங்கரைப் பள்ளியின் மூன்றாம் வகுப்பை அவன் கையில் கொடுத்திருந்தார்கள், வந்த அன்றே சொல்லிவிட்டான், எனக்கு எல்லாரும் ஒண்ணுதான், என் கண்ணே தராசு என்று. தராசுக்குத்தான் இன்று என்ன வந்தது? தாமிரபரணி எங்க பொறக்குது என்று கேட்டான், முன் வரிசை குருபிரசாத் வழக்கம்போல் எழுந்து பொதிகைமலை சார் என்றான், சபாஷ், அடுத்த கேள்விக்கும் குருபிரசாத், அதற்கடுத்ததற்கும், வகுப்பு வண்ணார்பேட்டை பஸ் மாதிரி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, அப்போது வாசலோரத்திலிருந்து ஒரு குரல், "சார், கைய எறக்கிக்கிடட்டுமா? வலிக்கு." ஒரு சிறுமி. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரமாகவோ... எறக்கிக்கோ என்றான் அவன். விடையைக் கேட்கவில்லை. அதைத்தான் இப்போது, பிள்ளைகளெல்லாம் வேப்பமரத்தடியில் சத்துணவுக்கு உட்கார்ந்திருக்க, காலி வகுப்பில் தனியாக இருந்து நினைத்துக்கொண்டிருந்தான், எறக்கிக்கோ என்றேனே, சொல்லு என்று ஏன் வாயில் வரவில்லை? அதிலும் அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?

ஆன்லின் இருந்தால் சிரித்திருப்பாள், இல்லை, சிரிக்க மாட்டாள், அதுதான் அவளிடம் கஷ்டம். உவரிக்காரி, பயிற்சிப் பள்ளியில் கூடப் படிக்கிறவள், சக மாணவர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்துப் பாடம் நடத்தும் ஒத்திகை வகுப்புக்குச் சாக்பீஸ் டப்பா நிறைய ஓலை நறுக்குகளோடு வருவாள், நறுக்குக்கு ஒரு பெயர், கண்ணை இறுக மூடிக்கொண்டு டப்பாவுக்குள் கையை விட்டு ஒன்றை எடுப்பாள், யார் பெயர் வந்ததோ அவர் பதில் சொல்லவேண்டும். அவன் சும்மா இருப்பானா? "ஏலே இஸ்ரவேலு, குடவோலைத் தேர்தல் நடக்கு பாத்தியா, செயிச்சா ஏரி வாரியமா தோட்ட வாரியமா, கேட்டுச் சொல்லு" என்றான், பக்கத்திலிருந்த இஸ்ரவேல் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினான். அவள் திரும்பிப் பார்த்து, "செயிச்சா எந்திரிச்சு ஒம்பதாம் வாய்ப்பாடு சொல்லணும். பொறுங்க, ஒங்க பேரும் உள்ளதான் கெடக்கு" என்றாள். "நமக்குக் கண்ணு இருக்குல்லா, பெறவு எதுக்குக் கண்ண மூடணும்?" "கண்ணு இருக்கதுனாலதான் மூடுதேன். தொறந்து வச்சா பிடிச்ச முகத்துலதான் போயி நிக்கும்." எந்த முகத்தில் போய் நிற்கும் என்று கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை. வாரக்கணக்கில் காத்திருந்தான், இஸ்ரவேல் பெயர் இரண்டு தடவை வந்தது, எப்போதாவது வகுப்புக்கு வருகிற மகேஸ்வரன் பெயர்கூட வந்தது, அவன் பெயர் மட்டும் டப்பாவின் அடியில் எங்கேயோ... பாரபட்சத்தை ஒழிக்க வந்தவன், இவள் ஒரே ஒரு தடவை பாரபட்சம் காட்டமாட்டாளா என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஏங்கினான், வெளியே சொன்னால் வெட்கக்கேடு. கடைசி ஒத்திகையில்தான் வந்தது, நாறும்பூநாதன் என்று அவள் வாசித்ததும் எழுந்தான், ஏழொன்பது அறுபத்துநாலு என்றான், வகுப்பே சிரித்தது, அவள் மட்டும், "பரவால்ல, ஒண்ணுதான கூடிப்போச்சு, உக்காருங்க" என்றாள்.

மறுநாள் ஊர்ப்பக்கத்துப் பள்ளிக்குப் பயிற்சிக்குக் கிளம்பினாள், போகும்முன் எல்லாருக்கும் ஆளுக்கொரு ஓலைக்கொட்டானில் கருப்பட்டி, எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே மாதிரி மூடி. சமத்துவக் கருப்பட்டி வே என்று இஸ்ரவேலிடம் கிண்டலடித்துவிட்டு அறைக்கு வந்து அவன் கொட்டானையும் தன் கொட்டானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தன்னுடையதில் ஏதாவது ஒன்று, ஒரு முடிச்சாவது, கூடுதலாக இருக்கிறதா என்று தேடியவன்தான்... இல்லை. கருப்பட்டி தீர்ந்தபிறகும் கொட்டானை விடவில்லை, சாக்பீஸ் போட்டுக்கொள்ள என்று சொல்லிக்கொண்டான், இதோ மேசைமேல் இருக்கிறது, மூடியைத் திறந்தால் இன்னும் லேசாகக் கருப்பட்டி வாசனை. அந்தச் சிறுமியும் இப்படித்தான், கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, இந்த முகம் நம்ம பக்கம் எப்போது திரும்பும் என்று... அட, கடைசி பெஞ்சில் நான் இருந்தது மாதிரியேதான். கொட்டானைக் கையில் எடுத்தான். கீழே வைத்தான். மறுபடி எடுத்து, விளிம்பில் ஓலையை மடக்கிச் செருகியிருந்த இடத்தில் நகத்தைக் கொடுத்தான், அவள் விரல் அழுத்தி மடித்த இடம், பைய உருவினான், ஒரு கண்ணி விட்டதும் மற்றதெல்லாம் தானாகக் கழன்று வந்தது, துண்டு துண்டாக நறுக்கி வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். பெயர்கள் எல்லாம் இருந்தன, வாசலோரத்து முகத்துக்கு எந்தப் பெயர் என்றுதான் அதில் இல்லை. தட்டைக் கழுவிக்கொண்டு முதல் ஆளாக அவளே உள்ளே வந்தாள்.

"ஒன் பேரு என்னம்மா?"

"மைதீன் பாத்திமா சார்." ஈரத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "என்ன சார் செய்யுதிய? கொட்டான் நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

எழுதினான். மேசையில் கிடந்த காலிச் சாக்பீஸ் டப்பாவில் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கினான், கண்ணை மூடி ஒத்திகையாக எடுத்துப் பார்த்தான், குருபிரசாத். திரும்பப் போட்டு இன்னொன்று, மறுபடியும் குருபிரசாத், குடவோலைக்கும் அவனைத்தான் பிடித்திருக்கிறது. ஜன்னல் பக்கம் பார்த்தான், யாரும் இல்லை, அவள் தன் இடத்தில் குனிந்து தட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் எழுதிய நறுக்கைத் தேடி எடுத்து, ஒரு மூலையை விரலுக்குத் தட்டுப்படும்படி லேசாக மடக்கி, எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தான், இன்றைக்கு மட்டும், நாளையிலிருந்து நேர்மை... மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்து உட்கார்ந்தார்கள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு டப்பாவுக்குள் கையை விட்டான், மடங்கிய மூலை விரலில் தட்டியது, அப்போதுதான், கடைசி ஒத்திகையன்று ஆன்லினின் கை டப்பாவுக்குள் எவ்வளவு நேரம் இருந்தது, தேடியதா, சட்டென்று எடுத்ததா, என்று நினைத்துப் பார்த்தான், அன்றைக்கு அவள் மூடிய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில், கையை அவன் கவனிக்கவே இல்லை.