ஒற்றைக் கம்பி வைத்து அளந்த ஹெட்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் தம்பி, லேத் ஓட்டும் தம்பி மகள், என் மகள், அவள் கணவரான எங்கள் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பாவான சம்பந்தி, தண்ணீர்க் கேன் முதலாளி. வேறு ஈ காக்கை இல்லை. 'நானும் அங்கேதான் நின்றேன்' என்று இன்று கடைத்தெருவில் அளக்கிறவர்களை ஏற்ற ஒரு பஸ் போதாது. அவர்களில் ஒருவர்கூட எங்கள் வாசற்படியை மிதித்தவர் இல்லை.

கேன் முதலாளி மேட்டுத்தெரு அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் போடுகிறவர். கேன் சுமக்க மோட்டார் பூட்டிய சைக்கிள்கள் வைத்திருக்கிறார். சாதாரண சைக்கிள்தான், சட்டத்தின் நடுவே சொம்பு அளவுக்கு ஒரு எஞ்சின். சுமை ஏற்றினால் பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். எஞ்சினுக்கு மூடியாக உட்காரும் சிலிண்டர் ஹெட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கடைந்து கொடுத்தால் இழுவை கூடும். அதற்காக ஒரு சைக்கிளை எங்களிடம் விட்டிருந்தார். அது மேடு ஏறினால் மற்ற சைக்கிள்களின் வேலையும் எங்களுக்கு.

இந்த வேலை வராவிட்டால் லேத்தை விற்றுவிட்டு இடத்தைக் குடோனுக்கு விடுவது என்று தம்பி முடிவு செய்திருந்தான். அவன் மகளுக்கு அந்த லேத்தை விட்டால் வேறு உலகம் கிடையாது. முடிவைக் கேட்டதும் அவள் எண்ணெய்த் துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்திருந்த லேத்தை மறுபடி துடைத்தாள்.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை எஞ்சின் நிபுணர் ஆனார். கல்யாணத்துக்கு முன் அவர் குளிர்கண்ணாடி விற்றார், பிறகு மீன்தொட்டி விற்றார். எங்கள் வீட்டில் பெண் எடுத்ததே இயந்திர ஞானத்துக்குப் போதும் என்று நினைத்துவிட்டார். தம்பி மகள் வெளியூர் போயிருந்த நாளில், எங்களிடம் சொல்லாமல் அந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், எங்கிருந்தோ ஒரு ஹெட்டை வாங்கி மாட்டினார். கத்திரிப்பூ நிறம். காற்றோட்டத்துக்கான மடிப்புகள் கண்ணாடி மாதிரி மின்னின. அதை விற்றவன் கழுத்துச் சங்கிலிக்கும் பொருத்தமாக இருக்கும் என்று சொல்லியிருந்தாலும் மாப்பிள்ளை வாங்கியிருப்பார். அதைப் பூட்டிய சைக்கிளை, "எங்க பட்டறை ஸ்பெஷல்" என்று சொல்லி முதலாளியிடம் கொடுத்துவிட்டார்.

சைக்கிள் முக்கால் மேடு ஏறியது. அங்கே உள்ளே எதுவோ அடித்துக்கொள்ளும் சத்தம் வந்து, எஞ்சின் இறுகிப்போய், பின்சக்கரம் நின்றது. கேன்கள் உருண்டு தெருமுனை வரை போயின. ஓட்டியவர் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டதோடு தப்பினார்.

முதலாளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தார். பின்னாலேயே சம்பந்தியும் மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சம்பந்தி பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவார், அதிலேயே பாதி நேரம் போய்விடும். செருமி முடித்து, ஹெட் எங்கள் லேத்தில் கடைந்தது, கடைந்தது தம்பி மகள், சின்னப் பெண், கை தவறியிருக்கும், மன்னித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பெரிய மனுஷன் தோரணையில் தீர்ப்புச் சொன்னார். அவர் மகன் சுவரில் தொங்கிய ஸ்பேனர்களை முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி என்னை ஓரமாக இழுத்தான்.

"அண்ணே, விட்டுடலாம். உங்க பொண்ணு வாழற வீடு. பழி என் பொண்ணு மேல போகட்டும், லேத் தானே போகும்."

என் தம்பிக்கு முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணி இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் தம்பி மகளைக் கூப்பிட்டு எஞ்சினைக் கழற்றச் சொன்னேன்.

தம்பி மகள் நட்டுகளை எதிரெதிராகத் தளர்த்தி ஹெட்டைத் தூக்கினாள். பிஸ்டனின் விளிம்பு ஹெட்டில் மோதிய தழும்பு அரைவட்டமாகத் தெரிந்தது. விளிம்பு உடைந்து, துணுக்கு சிலிண்டர் சுவரைக் கீறியிருந்தது. பிஸ்டன் மேலே வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே மயிரிழையாவது இடம் வேண்டும். எஞ்சின் சூடாகி வேகம் பிடித்தால் பிஸ்டன் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இதில் இடமே இல்லை. ஹெட்டின் முகத்தை அளவுக்கு மீறிச் சீவியிருக்கிறார்கள்.

"இடைவெளியை அளந்தீங்களா மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டேன்.

அவருக்கு உயிர் வந்துவிட்டது. அளக்காமல் இருப்பாரா? ஈயக்கம்பியை உள்ளே வைத்து, ஹெட்டை இறுக்கி, பிஸ்டனை மேலே கொண்டுவந்து நசுக்கி, நசுங்கிய கம்பியைத் தானே அளந்தாராம். தாராளமாக இடம் காட்டியதாம். அதனால்தான் இன்னும் அரை மில்லி சீவினால் இழுவை அள்ளும் என்று கணக்குப் போட்டாராம். கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கேன் முதலாளிகூட வாயைப் பிளந்து கேட்டார்.

அதுவரை கதவோரம் நின்ற என் மகள்தான் குறுக்கே வந்தாள்.

"எத்தனை துண்டு வச்சீங்க?"

"எதுல?"

"ஈயக்கம்பி. எத்தனை துண்டு?"

"ஒண்ணு. முன்பக்கம். எதுக்கு ரெண்டு, ஈயம் சும்மா கிடைக்குதா?"

தம்பி மகள் சிரிப்பை அடக்கக் குனிந்து திருகாணி தேடினாள். என் மகள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்ல ஒத்தைக் கம்பி வைக்க யாருக்கும் தெரியாதுங்க. எந்த லேத்துல சீவுனீங்க, அதைச் சொல்லுங்க."

எங்கள் பட்டறையில் கம்பியை எப்போதும் இரண்டு பக்கமும் வைப்போம். ஒரு பக்கம் மட்டும் வைத்தால், நடுவே குறுக்கு ஊசி ஒன்றில் நிற்கும் பிஸ்டன் ஊஞ்சல் பலகை மாதிரி அந்தப் பக்கம் சாய்ந்து இடம் கொடுக்கும். கம்பி குறைவாக நசுங்கும். இல்லாத இடம் இருப்பதாகத் தெரியும். என் மகள் பாவாடை கட்டிய வயதில் இந்தக் கம்பிகளை ஜோடி ஜோடியாக நறுக்கி டப்பாவில் போட்டவள். தம்பி மகள் தூக்கத்தில் அளந்தாலும் இரண்டு வைப்பாள்.

சம்பந்தி இது குடும்ப விஷயம், வெளியாள் எதிரே வேண்டாம் என்றார். ஐந்து நிமிடம் முன்பு வெளியாள் எதிரே எங்கள் பெண்ணைக் கை தவறியவள் ஆக்கியபோது அது என்ன விஷயமாக இருந்தது என்று கேட்டேன். அவர் செருமிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை மென்று முழுங்கி, பஸ் ஸ்டாண்டு பின்னால் கேட்டுக்குக் கம்பி வளைக்கிற கடையில் சீவியதாகச் சொன்னார். கேட் செய்கிறவனிடம் சிலிண்டர் ஹெட். பல் பிடுங்க நாற்காலி செய்கிறவனிடம் போகாமல் விட்டாரே.

கேன் முதலாளிக்கு எங்கள் மானம் மரியாதை எதுவும் முக்கியமில்லை. "யாரு சீவுனா எனக்கென்னங்க? வண்டி மேடு ஏறுமா, ஏறாதா?" என்றார்.

"ஏறும்," என்றாள் தம்பி மகள். "ஆனா பளபளன்னு இருக்காது."

புது சிலிண்டரும் பிஸ்டனும் போட்டு, மினுங்காத சாதாரண வார்ப்பு ஹெட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மடிப்புகள் தடிமனானவை. மெதுவாக ஊர்ந்து ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்காது, சூட்டை ஹெட்டே தாங்க வேண்டும் என்றாள். தட்டைக் கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்து, ஹெட்டை எட்டுப் போட்டுத் தேய்த்து முகத்தைச் சமமாக்கினாள். ஹெட்டின் நடுவே உள்ள கிண்ணம் போன்ற குழியை லேத்தில் ஒரு சுற்று ஆழப்படுத்தி, விளிம்பை மட்டும் பிஸ்டனுக்கு நெருக்கமாக விட்டாள். ஸ்பார்க் பிளக் உள்ளே நீளவில்லையே என்று விரலை விட்டுத் தடவினாள். கம்பி வைத்தாள், இரண்டு பக்கமும். அளந்தாள். மறுபடி கழற்றி, இன்னொரு தடவை அளந்தாள். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்தார்.

முழுச் சுமையோடு சைக்கிள் மேட்டின் உச்சி வரை போயிற்று. ஓட்டியவர் பெடலில் கால்கூட வைக்கவில்லை. மறுநாள் முதலாளி மற்ற சைக்கிள்களையும் அனுப்பினார். லேத் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குடோன் கேட்டு வந்தவரைத் தம்பி மகளே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினாள். தம்பி இப்போது ஆரம்பத்திலிருந்தே அவளை நம்பியதாகப் பேசிக்கொள்கிறான். பேசட்டும்.

ஊரில் இதற்குக் கண் காது மூக்கு வைத்து ஒரு பேச்சு நடக்கிறது. தம்பி மகளைத் தூக்கி நிறுத்த நானே மாப்பிள்ளையின் ஹெட்டை எங்கள் லேத்தில் கெடுத்துக் கொடுத்தேனாம், அதனால் என் மகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாளாம். அந்தக் கத்திரிப்பூ ஹெட் எங்கள் லேத்தில் ஏறவே இல்லை. என் மகள் அவள் வீட்டில்தான் இருக்கிறாள்.