மாமியாரின் ஜுரமும் என் வெல்லமும்

கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியும் எங்கள் வீட்டு அடுப்பு என் கைக்கு வரவில்லை. காய் நறுக்கலாம், தேங்காய் துருவலாம், அம்மியில் அரைக்கலாம். கரண்டியை மட்டும் தொடக் கூடாது. காரணம், நான் மைசூரில் பிறந்து வளர்ந்தவள். குழம்பில் வெல்லம் போடுவேன். என் மாமியார் ராஜலக்ஷ்மி கும்பகோணத்துக்காரர். எங்கள் கல்யாணப் பந்தியிலேயே, "இது குழம்பா, பாயசமா?" என்று கேட்டவர். அன்றைக்கே எனக்குக் கோபம். நான் சமைத்ததை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்றால் சரி. சமைக்கவே விடாமல் தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்?

ஐம்பத்தேழாம் வருஷம் ஆனி மாதம் ஃப்ளூ ஜுரம் ஊரெல்லாம் பரவியது. மைசூர் அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த என் கணவர்தான் அதை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் மாமனார் படுத்தார். அதற்கு மறுநாள் மாமியார். வீட்டில் யாரும் வெளியே தலை காட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக் கமலம்மா காய்கறிப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, தெருவில் நின்றபடியே "எல்லாரு ஹேகித்தாரம்மா?" என்று கன்னடத்தில் நலம் கேட்டுக் கூவுவார். "பரவாகில்லா ரீ!" என்று நான் உள்ளேயிருந்து கத்துவேன்.

மூன்று பேர் படுக்கையில் கிடக்கும்போது இப்படிச் சொல்வது பாவம்தான். ஆனாலும் சொல்கிறேன், எனக்கு ஒரே சந்தோஷம். அடுப்பு என்னுடையதாகிவிட்டது.

இரண்டு நாள் கஞ்சி. மூன்றாம் நாள் ஜுரம் கொஞ்சம் இறங்கி, எல்லோரும் சாதம் கேட்டார்கள். முருங்கைக்காய்க் குழம்பு வைத்தேன். எங்கள் வீட்டில் சுவாமிக்குக் காட்டும் முன் ருசி பார்க்கக் கூடாது. மாமியார் கூடத்திலிருந்தே வாசனையை வைத்து, உப்பு போதாது, புளி பச்சையாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இப்போது அந்த மூக்கு அடைத்துக் கிடந்தது. நாக்கும் செத்துப்போச்சு என்று அவரே சொன்னார். அப்புறம் என்ன? நெல்லிக்காய் அளவு வெல்லத்தைக் குழம்பில் போட்டேன்.

"கனகா, வெல்லம் போட்டியாடி?" என்று படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"இல்லேம்மா."

நைவேத்தியம் வைக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பொய் பொய்தானே.

ஜுரக்காரர் என்பதால் மாமியாரையும் ஆண்களோடு சேர்த்தே உட்காரவைத்துப் பரிமாறினேன். "மண்ணைத் தின்னாலும் ஒண்ணுதான் எனக்கு" என்றார் மாமனார். மாமியார் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டு முடித்தார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அதற்கு மறுநாள் துணிச்சல் மிஞ்சிப்போய் ரசத்திலும் போட்டேன்.

வெல்லம் போட ஆரம்பித்த நான்காம் நாள் என் கணவர் முதல் கவளத்திலேயே நிமிர்ந்தார். "அம்மா, இன்னிக்கு நீயா எழுந்து பண்ணினே? பிரமாதம்!"

அவருக்கு நாக்கு திரும்பிவிட்டது என்றால் மாமியாருக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகும்? எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த அடுப்பு போகப்போகிறது. கூடவே பொய் சொன்னவள் என்ற பெயரும் வரப்போகிறது. நானே சொல்லிவிடுவது மேல் என்று பட்டது.

"அம்மா, நான்தான் பண்ணினேன். நாலு நாளா வெல்லம் போட்டுத்தான் பண்றேன். பொய் சொல்லிட்டேன்."

மாமனார் சாப்பிடுவதை நிறுத்தினார். மாமியார் நிறுத்தவில்லை. நிதானமாகப் பிசைந்து, ஒரு வாய் விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டாம் நாளே தெரியும்."

"அப்போ ஏம்மா தினம் கேட்டேள்?"

"கேக்கலேன்னா எனக்கு நாக்கு வந்துடுத்துன்னு நீ கண்டுபிடிச்சுடுவியே. ஜுரம் விட்டு மூணு நாளாச்சுடி எனக்கு."

"பின்னே ஏன் படுத்துண்டே இருக்கே?" என்றார் மாமனார்.

மாமியார் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னார். "கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். எல்லாருக்கும் போட்டுட்டு, ஆறினதை அடுப்படியிலே உக்காந்து தின்னுருக்கேன். ஆவி பறக்கற சாதத்தை என் எலையிலே யாராவது போட்டிருக்காளா? நீ போட்டே. குழம்பு கொஞ்சம் தித்திப்புதான், இருந்துட்டுப் போகட்டும்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுப்பை விட்டுத்தர மாட்டேன் என்கிறாரே என்று எட்டு மாதம் மனசுக்குள் திட்டினேன். அந்த அடுப்பைவிட்டு அவரை யாராவது எழுந்துவரச் சொன்னார்களா என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

என் கணவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ நாளைக்கு எழுந்துடுவியாம்மா?"

"நாளைக்கும் எனக்கு ஜுரம்தான்" என்று சொல்லிவிட்டு, மாமியார் சாதத்தில் விரலால் ஒரு குழி பறித்து என்னிடம் காட்டினார். "விடுடி இன்னும் ஒரு கரண்டி."