சத்தியதாஸின் வெப்ளி

தேர்தல் வந்தால் லைசன்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும். முட்டுவலி என்று சொல்லிச் சத்தியதாஸ் ஆட்டோவிலேயே இருந்துகொண்டார். அவர் மனைவி விலாசினிதான் துணிப்பையோடு உள்ளே போனாள்.

அது அவர் அப்பா பர்மா சண்டையிலிருந்து கொண்டுவந்த வெப்ளி ரிவால்வர். பட்டாளத்து ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சத்தியதாஸுக்கு அதைப் பற்றிப் பேச வாய் வலிக்காது. முதல் உலகப் போரில் நானூற்று ஐம்பத்தைந்து என்ற பெரிய அளவுத் தோட்டா. அந்த உதைக்குப் புதுப் பட்டாளக்காரன் கை நிற்காது என்று அப்புறம் சின்னதாக முப்பத்தெட்டு. வெறும் ஈயக்குண்டு போர்ச் சட்டத்துக்கு ஆகாது என்று பிறகு உலோக உறை போட்ட குண்டு. மகன் ஜித்தின் பைக் மோதிச் செத்தபோது துக்கம் கேட்க வந்தவர்களிடமும் இதைத்தான் பேசினார். மனுசனுக்கு நெஞ்சு கல்லு என்று விலாசினி வெறுத்தாள். போகப்போக வெறுக்கவும் தெம்பில்லை. சோறு பொங்கினாள், தட்டில் விளம்பினாள், படுத்தாள்.

போலீஸ்காரர் கிருஷ்ணன்குட்டி தோட்டா ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"சேச்சி, இதுல எண்ணெ போட்டது யாராக்கும்?"

"நான்தான். துரு பிடிக்காண்டாம்னு தேங்காயெண்ணெயில முக்கி வைப்பேன். அவருக்குத் தெரியாது."

"எண்ணெ உள்ள எறங்குனா தோட்டா செத்துப் போவும். இது யாரோ சுட்டு, வெடிக்காத தோட்டாவாக்கும்."

கறுத்துப்போன பித்தளையின் நடுவில், துப்பாக்கி ஊசி குத்திய குழி மட்டும் புதுசாக மின்னியது. அப்பா காலத்துக்குப் பிறகு ஒருதரம்கூட விசையைத் தொட்டதில்லை என்பது சத்தியதாஸின் பெருமை. அவர் தன் மேலேயே அதைத் திருப்பியிருக்கிறார் என்று விலாசினிக்குப் புரிந்துவிட்டது. அழுகை வரவில்லை.

"எலக்சன் முடிஞ்சாலும் இதத் திருப்பித் தராண்டாம் சாறே," என்றாள். "வேண்டாம்னு நாங்க எழுதித் தாறோம்."

ஆட்டோக்காரன் சாயா குடிக்கப் போயிருந்தான். அவள் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பம்?"

எது என்று அவர் கேட்கவில்லை. "போன ஞாயிறாச்ச. நீ அம்பலத்துக்குத் தொழப் போயிருந்தப்பம்."

அன்றைக்கு அவள் திரும்பி வந்ததும் மீன்கறி கேட்டு வாங்கி, மறுசோறும் போட்டுக்கொண்டவர். எப்படித்தான் சோறு இறங்குகிறதோ என்று அப்போது அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"பிள்ள போனதுல நான் ஒருத்திதான் சாவுறேன்னு நெனச்சேன்."

"எனக்கு அழத் தெரியல்ல, விலாசினி."

"எனக்கும் இப்பம் வரல்ல," என்றாள். "பக்கத்துல இருங்க. அது போரும்."