மெல்லிசு ஒயர்

அண்ணனின் நகக்கண்ணில் சிக்கியிருந்த சிவப்பு ஒயர்த் தோலைத் தம்பி ஓர் ஊசியால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தான். கட்டை விரலில் இருந்தது வந்துவிட்டது. ஆள்காட்டி விரலில் இருந்தது வருவேனா என்று அடம்பிடித்தது. உடம்பைத் துடைத்துச் சட்டை மாற்றியாகிவிட்டது, இன்னும் என்ன தாமதம் என்று உறவுக்காரர்கள் வாசலில் முணுமுணுத்தார்கள். நகத்துக்குள் என்ன இருந்தால் என்ன, யார் பார்க்கப்போகிறார்கள் என்றுகூட ஒருவர் சொல்லிவிட்டார்.

"தம்பி எடுக்கட்டும்" என்றாள் அண்ணி.

நேற்றுச் சாயங்காலம் கடையில் எதிரெதிர் முக்காலிகளில் உட்கார்ந்து இருவரும் ஒயர் உரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். சற்று இளைப்பாறுகிறார் என்றுதான் தம்பி நினைத்தான். கையிலிருந்த கம்பியை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் உயிர் போய்விட்டிருந்தது.

பழைய இரும்புக் கடைக்காரரான அவருக்கு ஊருக்குள் காந்தம் என்றுதான் பெயர். நூலில் கட்டிய காந்தம் ஒன்று சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அதைவிட நல்ல சரக்கு. விருந்துக்குப் போன வீட்டில் பரிமாற வந்த கரண்டியில் அதை வைத்துப் பார்த்து அண்ணியின் மானத்தை வாங்கியவர் அவர்.

எதற்கு மெனக்கெடலாம், எதற்கு மெனக்கெடக் கூடாது என்பது அவருக்கு அத்துப்படி. பித்தளைக் குழாயில் ஓர் இரும்புத் திருகு மாட்டியிருந்தாலும் முழுக் குழாயும் கலப்பட விலைக்குத்தான் போகும். அதனால் திருகைக் கழற்றிவிடுவார். தடித்த ஒயரை உரித்துச் செம்பைத் தனியாக விற்பார். துருப்பிடித்த தகரத்தைத் தொடவே மாட்டார், அப்படியே லாரியில் ஏற்றச் சொல்வார். இவ்வளவு கணக்குப் பார்க்கிற மனிதர், போன் சார்ஜர் ஒயர், காதில் மாட்டும் ஒயர் என்று நூல் மாதிரி இருக்கும் மெல்லிசு ஒயரையெல்லாம் சாயங்காலம் தவறாமல் உட்கார்ந்து உரிப்பார். தம்பியையும் எதிரே உட்காரவைப்பார்.

அந்தப் பழக்கம் தம்பி குடியில் மூழ்கிக் கிடந்த காலத்தில் ஆரம்பித்தது. கட்டியவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். கடை சாத்தும் நேரமானால் அவன் கால்கள் தாமாகவே சாராயக்கடைப் பக்கம் திரும்பும். அண்ணன் அறிவுரை சொன்னதில்லை, அடித்ததும் இல்லை. ஒருநாள் ஒரு மூட்டையைத் தரையில் கொட்டி, இரண்டு முக்காலிகளை இழுத்துப் போட்டார்.

"நாளைக்கு லாரி வருதுடா. உரிச்சுக் குடுத்தா நல்ல விலை. ஒத்த ஆளா என்னால முடியாது."

தம்பி வாய்க்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தான். எழுந்தபோது சாராயக்கடை சாத்தியாகிவிட்டது. மறுநாள் இன்னொரு மூட்டை வந்தது, லாரியும் மறுபடி நாளைக்குத்தான் வருவதாக இருந்தது. அந்த லாரி பல வருஷங்களாக நாளைக்கே வந்துகொண்டிருந்தது.

கை நடுக்கம் நின்றபின் ஒருநாள் தம்பி தானே எடை போட்டுப் பார்த்தான். தோல் போக மிஞ்சிய செம்பு ஒரு கைப்பிடிகூட இல்லை. உரித்ததற்குக் கிடைக்கும் கூடுதல் விலை, கத்திக்கும் கைக்காயத்துக்குப் போடும் கட்டுக்கும்கூடக் காணாது. இது அண்ணனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று யோசித்தபோதுதான் அந்த மூட்டைகள் எதற்கென்று அவனுக்கு விளங்கியது. அன்று கேட்டுவிடலாம் என்று அவரிடம் போனவன், அவர் கத்தியை வாங்கித் தீட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். மறுநாள் அவருக்கு முன்னாலேயே வந்து முக்காலியில் உட்கார்ந்தான். அவனுக்குத் தெரிந்த விதத்தில் நன்றி சொன்னது அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடைவாசலில் பழைய கூட்டாளி ஒருவன் காத்திருந்தான். தோளில் கைபோட்டு, காதோடு சொன்னான்.

"இன்னைக்கு ஒருநாள்தானே. யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க."

உண்மைதான், யாரும் நினைக்கமாட்டார்கள். அண்ணனை அடக்கம் செய்த அன்று குடிக்காதவன்தான் அதிசயம். தம்பிக்கு நாக்கு வறண்டது. இத்தனை வருஷம் கழித்து விரல்கள் மறுபடி நடுங்கத் தொடங்கின. எதிர் முக்காலியில் ஆள் இல்லாத சாயங்காலம் இன்று ஒன்றோடு முடியப்போவதில்லை. இன்றைக்குப் போனால் நாளைக்கும் போவான் என்பது அவனுக்குத் தெரியும்.

அப்போது மொத்த வியாபாரி வந்தார். கடைச் சரக்கையெல்லாம் வாங்கிக்கொள்கிறவர், லாரிக்குச் சொந்தக்காரர். கூட்டாளி கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றான். வியாபாரி துக்கம் கேட்டுவிட்டு, உள்ளே கிடந்த மூட்டையைப் பார்த்தார்.

"இந்த மெல்லிசு ஒயரை இனிமே அப்படியே குடுத்துருங்க தம்பி. உரிக்கிறது வீண் பாடு. உங்க அண்ணன்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'அது எனக்கும் தெரியும், தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னாரு." வியாபாரி தயங்கினார். "சரக்கு தீர்ந்துபோச்சுன்னா எங்கிட்டருந்தே வாங்கிட்டுப் போவாரு. நான் மறுபடி அவருகிட்டயே வாங்குவேன். இப்படி ஒரு வியாபாரத்த நான் எங்கயும் பாத்ததில்ல."

தம்பிக்கு இது தெரியாது. நஷ்டத்துக்கு உரித்தார் என்று தெரியும், உரிப்பதற்காகக் காசு கொடுத்து வாங்கினார் என்பது தெரியாது. கரண்டியில் காந்தம் வைத்துப் பார்த்த மனிதர்! அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய், நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. இப்படி ஒரு அண்ணன் வாய்க்க அப்படி என்ன செய்துவிட்டோம் என்று நினைத்து நினைத்து அழுதான். வியாபாரி பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பி கேட்டான்.

"உங்ககிட்ட மெல்லிசு ஒயர் இப்ப எவ்வளவு இருக்கு?"



"நாளைக்கு லாரில அனுப்பறேன்" என்றார் வியாபாரி.

தம்பி உள்ளே போய் விளக்கைப் போட்டான். கூட்டாளி கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டான். மூட்டை நேற்று விட்ட இடத்திலேயே வாய் திறந்து கிடந்தது. முதல் ஒயரை எடுத்துக் கத்தியை வைத்தான், விரல் நடுக்கத்தில் தோலோடு கம்பியும் அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது.

கடையை ஒட்டியிருந்த வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அண்ணி வந்தாள். எதிர் முக்காலியை ஒருமுறை கையால் தடவிவிட்டு அதில் உட்கார்ந்தாள். அண்ணனின் கத்தியை எடுத்தாள்.

"எங்கருந்து ஆரம்பிக்கணும்?"

"முனையிலருந்து, அண்ணி."

அவள் வெகுநேரம் போராடி ஒன்றை உரித்து நீட்டினாள். பாதித் தோல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணனாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார். தம்பி அதை வாங்கிச் செம்பு டப்பாவிலேயே போட்டான்.