பழுது இல்லாத காலை

கண்டாவளையில் தனியே இருந்த சுமித்திராவுக்குத் தவறாமல் வரும் அழைப்பு ஒன்றே ஒன்றுதான், அதுவும் காலையில். தாய் போன வருடம் காலமாகிவிட்டார். தம்பி பிரான்ஸில். அவனுக்கு நேரம் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். வவுனியாவிலுள்ள பால் கம்பனி ஒன்றின் தரவுத்தளத்தை வீட்டிலிருந்தே பராமரிப்பது அவள் வேலை. ஊரூராக இருக்கும் சேகரிப்பு நிலையங்களில் யார் எத்தனை லீற்றர் பால் ஊற்றினார், அதில் கொழுப்பு எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் பதிவாகும்.

அழைப்பவர் தண்ணீரூற்று என்ற ஊரின் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பரமலிங்கம்.

"பிள்ளை, இண்டைக்கும் கம்பியூட்டர் பதியாமல் சுத்திக்கொண்டு நிக்குது. சனம் பாலோட வெயிலுக்க நிக்குது."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, பாக்கிறன்."

சிக்கி நின்றதை அவள் விடுவிக்கும்வரை அவர் போனை வைக்கமாட்டார். முல்லைத்தீவுப் பக்கம் மழை இருட்டுவதையும், மனைவி கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டதையும் சொல்வார். இருவரும் நேரில் கண்டதில்லை. அந்தக் கதை முடிந்தபின் மறுநாள் காலைவரை சுமித்திரா வாய் திறக்காத நாட்களும் உண்டு.

முறைப்பாடுகள் கூடியதால், தரவுத்தளத்தின் வேகத்தைக் கண்காணிக்கும் மென்பொருள் ஒன்றைப் போடும்படி கம்பனி சொன்னது. அவள் அதைச் சேர்வரில் நிறுவினாள். எந்த வேலை எவ்வளவு நேரம் எடுக்கிறது, எது எதற்காகக் காத்துக் கிடக்கிறது என்று அது கோடுகளாய் வரைந்து காட்டியது. எச்சரிக்கை எல்லையை முதலில் மிகக் குறைவாக வைத்துவிட்டாள். குசினியில் தேத்தண்ணி ஊற்றவும் விடாமல் எச்சரிக்கைச் செய்திகளால் போன் கத்தியது. எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினாள். சத்தம் அடங்கியதும் உண்மையான கோளாறு தெரிந்தது. பால் ஊற்றும் அதே நேரத்தில், தலைமை அலுவலகத்தின் அறிக்கை ஒன்று பழைய பதிவுகள் முழுவதையும் கிளறிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை நிலையங்கள் எல்லாம் காத்து நின்றன.

அறிக்கையை மத்தியானத்துக்கு மாற்றினாள். பதிவுகளைச் சட்டென்று தேட இன்டெக்ஸ் ஒன்றும் அமைத்தாள். அடுத்த காலை, எப்போதும் மேலே ஏறி நிற்கும் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அன்று பரமலிங்கத்திடமிருந்து அழைப்பு வரவில்லை. மறுநாளும் இல்லை. கம்பனி நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. அதைச் சொல்லவும் ஆளில்லை.

பிறகொரு காலை, அந்த அறிக்கையின் அமைப்பைத் திறந்து பழைய நேரத்தையே போட்டாள். சேமிக்கவேண்டியதுதான் மிச்சம். ஒரே ஒரு நாள், யாருக்குத் தெரியப்போகிறது? வெயிலுக்குள் நிற்கும் சனத்தை நினைத்ததும் முகம் சுட்டது. அழித்துவிட்டு மத்தியானம் என்றே விட்டாள். போனை எடுத்து அவரை அழைத்தாள்.

"என்ன பிள்ளை, ஏதும் பழுதோ?"

"இல்லை அண்ணை. எல்லாம் நல்லா ஓடுது."

"அப்ப என்னத்துக்குப் போன் எடுத்தனீங்கள்?"

அந்தப் பக்கம் வாளிகள் இடிபட்டன. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

"சும்மாதான்" என்றாள்.

"சனம் நிக்குது பிள்ளை. வைக்கிறன்."

ஏன் அழைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. கதிரையைவிட்டு எழும்பாமல் வெகுநேரம் இருந்தாள். வெயில் ஏறியபின் போன் அடித்தது.

"பால் லொறி போயிட்டுது. இப்ப சொல்லுங்கோ, என்ன சங்கதி?"

"ஒண்டுமில்லை அண்ணை. உங்கட கோல் வரேல்லை, அதுதான்..."

போனுக்குள் பேப்பர் ஒன்று சரசரத்தது.

"நானும் போனைக் கையில எடுத்தனான் பிள்ளை. பழுது இல்லாமல் என்னெண்டு கதைக்கிறது எண்டு வைச்சிட்டன்" என்றார். பிறகு, "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை."

"அப்ப போட்டுச் சாப்பிடுங்கோ. நானும் இப்பதான் சோத்துப் பார்சலைப் பிரிக்கிறன்."

அவள் போனை வைக்காமலே குசினிக்குப் போய்ச் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்தாள்.