அறுபத்தெட்டு கிலோ என்று ஆரம்பித்த கதை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய்யைச் சொன்னது என் தங்கை, எழுதியது என் கை. பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து என்னை முறைப்பதைவிட இப்போதே சொல்லிவிடுவது மேல்.

தங்கை குவாட் பந்தயம் ஓட்டுகிறவள். குவாட் என்றால் பைக்கின் ஹேண்டில்பாரும் நாலு பருத்த சக்கரமும் உள்ள வண்டி. தார் ரோட்டில் அதற்கு வேலையில்லை. மண், மணல், மேடு, பள்ளம் இவைதான் அதன் இடம். வீட்டில் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். ஏழு வருடமாக எங்கள் குழுவின் ஒரே வண்டியை ஓட்டுகிறவள் அவள்தான். குழுவின் கடிதங்களை எழுதுகிறவன் நான்தான்.

குலுக்கலைத் தாங்கும் பின் ஷாக்குகளுக்குப் புது ஸ்பிரிங் வேண்டும் என்று, ஸ்பிரிங் செய்கிறவர்களுக்குக் கடிதம் எழுதினேன். வண்டியின் விவரம், தடத்தின் விவரம், எல்லாம் வரிசையாக. ஓட்டுநரின் எடை என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தேன்.

"போன தடவ போட்டதையே போடுண்ணா."

"போன தடவ, ரெண்டு வருஷம் முன்னால, அறுபத்தெட்டு."

"ஆமா. அதேதான்."

அவளுக்குப் பிள்ளை பிறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கண் நன்றாகத் தெரியும். அறுபத்தெட்டு என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டேன்.

2

இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதிய தொடக்கம் இது:

"காற்றைப் போல் மெலிந்த அவள், வண்டியின் மேல் ஓர் இறகாக அமர்ந்து, புழுதியைக் கிழித்துக்கொண்டு…"

அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். கடிதத்தில் செய்த காரியத்தையே கதையிலும் செய்திருக்கிறேன், பாருங்கள். இந்த முறை யாரும் கேட்கக்கூட இல்லை. பந்தயம் ஓட்டுகிறவள் ஒல்லியாக இருந்தால் எழுதுகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம். வாசகர் கேள்வி கேட்காமல் நம்பிவிடுவார்.

இரண்டாவது தொடக்கம்: "பயிற்சித் தடத்தில் டங் என்று ஒரு சத்தம் கேட்டது."

இது நடந்தது. இதிலிருந்து போகலாம்.

3

டங். தடத்தின் பெரிய மேட்டிலிருந்து பறந்து வண்டி தரையில் இறங்கியபோது, ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, அதற்குமேல் அமுங்க இடமில்லாமல் இரும்பும் இரும்பும் மோதிய சத்தம். கொட்டகையில் குனிந்திருந்த மெக்கானிக் தலையைத் தூக்கினார். மெக்கானிக் என்றால் சிட்டுவின் கணவர், எனக்கு மாப்பிள்ளை.

குழுவின் முதலாளி, நான் சுற்று நேரம் குறிக்கும் நோட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு வருடம் முன்பு ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் பதினாலு விநாடி. இப்போது இரண்டு பத்தொன்பது.

"அஞ்சு செகண்டுய்யா! அஞ்சு செகண்ட்ல ஒருத்தன் டீ குடிச்சுட்டு டம்ளரையும் கழுவி வெச்சுடுவான். பிள்ளை பெத்த உடம்பு, பாவம், நான் குத்தம் சொல்லல. ஆனா வண்டி ஒண்ணுதானே இருக்கு?"

அந்த ஒரு வண்டிக்கு இன்னொருவர் காத்திருந்தார். முதலாளியின் அக்கா மகன். தன் எடை ஐம்பத்தெட்டு கிலோ என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, ஐம்பத்தெட்டு என்றே பெயராகிவிட்டது. மரியாதையான பையன்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அக்கா, வண்டி மூச்சு வாங்குது. நான் வேணா பின்னால தள்ளட்டுமா?"

"நீ ஏறுனது வண்டிக்கு முதல்ல தெரிஞ்சுதா தம்பி? காத்து அடிச்சா சொல்லு, வந்து பிடிச்சுக்கறேன்."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் முதலாளி தீர்ப்பைச் சொன்னார். வரும் ஞாயிறு இருவரும் ஆளுக்கு ஐந்து சுற்று. யாருக்கு மொத்த நேரம் குறைவோ அவருக்குத்தான் இறுதிப் பந்தயத்தில் வண்டி.

4

இந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டுரை. கதை மட்டும் போதும் என்கிறவர்கள் ஐந்துக்குத் தாவலாம். தாவினால் நட்டம் எனக்கில்லை.

எங்கள் வண்டி நூற்றெண்பது கிலோ. ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம் எல்லாம் மாட்டிய ஓட்டுநர் ஏறக்குறைய அதில் பாதி. அதாவது ஓடுகிற மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு உயிருள்ளது, இஷ்டத்துக்கு நகரக்கூடியது. எடை குறைந்தவர் புறப்படும்போது முந்துவார், ஏற்றத்தில் இன்ஜின் திணறாது, பிரேக் பிடித்தால் சீக்கிரம் நிற்கும். இவ்வளவும் ஐம்பத்தெட்டின் பக்கம். இதை மறைத்து எழுதினால் நான் மறுபடியும் பொய்க் கடிதம் எழுதியவன் ஆவேன்.

ஆனால் வளைவு என்று ஒன்று இருக்கிறது. வேகமாகத் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்கள் எழும்பப் பார்க்கும். ஓட்டுநர் உடம்பை உள்பக்கம் தொங்கவிட்டு அவற்றை மண்ணோடு அழுத்த வேண்டும். அங்கே கூடுதல் கிலோ ஒவ்வொன்றும் கூலி வாங்காத ஆள். மணலில் பின்சக்கரம் கடித்துப் பிடிப்பதற்கும் அதே ஆள்தான் உதவி.

இந்த நியாயமெல்லாம் ஸ்பிரிங்குக்கு உண்மை தெரிந்திருந்தால்தான். கனத்த ஆளுக்கு இளகிய ஸ்பிரிங் போட்டால் அது அடியில் போய் இடிக்கும். இலேசான ஆளுக்கு இறுகிய ஸ்பிரிங் போட்டால் அது அவரைத் தூக்கி எறியும். வாயால் சொன்ன அளவுக்குத் தைத்த சட்டையை மாட்டிக்கொண்டு, தையல்காரரைத் திட்டிப் பயன் இல்லை.

5

இப்போது என் கதையில் ஓர் ஓட்டை. உங்களுக்கும் தெரிந்திருக்கும். கடிதத்தில் என்ன எழுதினாலும், ஸ்பிரிங்கை மாட்டிய பிறகு ஓட்டுநரை உட்கார வைத்து, வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று டேப்பால் அளப்பார்களே?

அளந்தார்கள். மாப்பிள்ளை பின்சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு டேப்பைப் பிடித்தார். சிட்டு முழு உடையில் ஏறி உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் பட்டறை மேசை இருந்தது. அதன் விளிம்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். அவ்வளவுதான். அளவு அறுபத்தெட்டுக்குச் சரியாக வந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

(மாப்பிள்ளைக்கு இது தெரியவில்லை என்றுதான் முதல் பிரதியில் எழுதியிருந்தேன். எழுதி முடித்ததும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்ஜின் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எந்த போல்ட் தளர்வு என்று சொல்கிற மனிதர், மனைவி மேசையைப் பிடித்திருப்பதைப் பார்க்காதவரா? பாத்திரத்தை நானாக இட்டுக்கட்டுவதைவிட நேரில் கேட்டுவிடலாம் என்று போனேன்.)

"தெரியும் மச்சான்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"நான் சொன்னா அது வீட்டுச் சண்டை. அவ சொன்னா அது வேலை. அவ சொல்லட்டும்னு இருந்தேன்."

"சத்தமில்லாம கொஞ்சம் இறுக்கி விட்டிருக்கலாமே?"

"எவ்வளவு? அஞ்சு கிலோவுக்கா, பத்துக்கா? மேசை எவ்வளவு தாங்குச்சுன்னு மேசையக் கேக்கவா? எனக்கு நம்பர் வேணும்."

6

சிட்டு நம்பரைச் சொல்லவில்லை. நம்பரையே குறைக்கக் கிளம்பினாள். திங்கள் முதல் இரவுச் சாப்பாடு இல்லை, செவ்வாய் முதல் காலையும் இல்லை. புதன்கிழமை என்னிடம் வந்து பிள்ளையின் பால் பாட்டிலை நீட்டினாள்.

"இத திறந்து குடுண்ணா. ரொம்ப இறுக்கமா இருக்கு."

இறுக்கமாக இல்லை. இரண்டு விரலில் திறந்தது. வியாழன் பயிற்சியில் மூன்றாவது சுற்றிலேயே கை விட்டுப்போய், சக்கரத் தடம் பதிந்த பள்ளத்தில் ஹேண்டில்பார் பிடுங்கிக்கொண்டது. நல்லவேளை, விழவில்லை. கொட்டகைக்கு வந்து ஹெல்மெட்டோடு தரையில் உட்கார்ந்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இங்கே ஒரு நீண்ட அறிவுரை எழுதி வைத்திருந்தேன். "பார் தங்கச்சி, உடம்பு என்பது…" அதோடு நிறுத்திவிட்டேன். நான் அப்படிப் பேசவும் இல்லை. உண்மையில் சொன்னது இது:

"நான் எழுதுனது தப்பு. மாத்தி எழுதணும். நம்பர் சொல்லு."

"எல்லார் முன்னாலயுமா?"

"எல்லாரும் எங்க இருக்காங்க? நானும் உன் புருஷனும்தான்."

"அவர்தான் எல்லாரும்" என்றாள்.

மாப்பிள்ளை ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார்.

"எழுபத்தேழு. போதுமா? சந்தோஷமா?" என்று கத்தினாள். கத்தல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

அவர் அலமாரியிலிருந்து இன்னும் இறுகிய பழைய ஸ்பிரிங் ஜோடி ஒன்றை எடுத்தார். மாட்டி, சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்த அட்டவணையில் எழுபத்தேழைத் தேடி, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் வளையத்தை அதற்கு உரிய அளவு இறுக்கினார். "உக்காரு, ஒரு தடவ அளந்துடலாம்" என்றார்.

"அதான் சொல்லிட்டேன்ல?"

அவர் டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிரவு அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

7

ஞாயிறு. முதலில் ஐம்பத்தெட்டு. அவனுக்கு ஏற்ற ஸ்பிரிங்கை மாப்பிள்ளை நேர்மையாகவே மாட்டிக் கொடுத்தார். அவன் நன்றாக ஓட்டினான். ஐந்து சுற்றுக்கு மொத்தம் பதினோரு நிமிடம் பதினோரு விநாடி. இதைக் குறைத்து எழுதக் கை அரித்தது. எழுதவில்லை.

பிறகு சிட்டு. நாலு சுற்று முடிந்தபோது எட்டு நிமிடம் ஐம்பத்தொன்பது. வளைவுகளில் அவள் உடம்பை வெளியே போட்டு வண்டியை மண்ணோடு ஒட்டவைத்த அழகைப் பார்த்து முதலாளியே "அடேயப்பா" என்றார். ஆனால் பெரிய மேட்டில் மட்டும் ஒவ்வொரு முறையும் லேசான ஒரு டங். ஜெயிக்க வேண்டுமென்றால் கடைசிச் சுற்றை இரண்டு நிமிடம் பன்னிரண்டு விநாடிக்கும் குறைவாக முடிக்க வேண்டும். அந்த வண்டியில் யாரும் அதுவரை ஓட்டாத நேரம்.

சுற்றுகளுக்கு இடையில் நிற்கலாம், கடிகாரம் ஓடாது. நாலு சுற்றும் நிற்காமல் போனவள் இப்போது நின்றாள். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினாள்.

"ஏங்க. இன்னும் ரெண்டு இருக்கு."

"சுத்து ஒண்ணுதான் பாக்கி" என்றார் முதலாளி.

"சுத்து இல்ல. கிலோ."

ஐம்பத்தெட்டுகூட வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எழுபத்தொம்பதா?"

"எழுபத்தொம்பது" என்றாள் முதலாளியைப் பார்த்து, சத்தமாக.

மாப்பிள்ளை மண்டியிட்டார். இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று, வளையத்தை இறுக்கினார். எழும்போது அவர் முகத்தில் இருந்ததை வர்ணிக்க மூன்று முறை முயன்று மூன்றையும் அடித்தேன். அவள் கிளம்பினாள்.

8

முடிவு இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஜெயித்ததாக எழுதினால் ஸ்பிரிங் விளம்பரம் மாதிரி இருந்தது. தோற்றதாக எழுதினால் பள்ளிக்கூடத்து நீதிபோதனை மாதிரி இருந்தது. நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

ஏழாம் பகுதி வரை சிட்டு படித்தாள். படித்துவிட்டு, "நேரத்தப் போடாதண்ணா. போட்டா எல்லாரும் அத மட்டும்தான் பாப்பாங்க" என்றாள்.

"எடைய?"

கொஞ்சம் யோசித்தாள். "அது இருக்கட்டும்."

ஆகவே நேரத்தை உங்களிடம் விடுகிறேன். ஐந்தாவது சுற்று: இரண்டு நிமிடம் ……… விநாடி. நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள், என்ன போட்டாலும் நான் மறுத்து எழுதப்போவதில்லை. ஒன்றே ஒன்று: எழுபத்தொன்பது கிலோவுக்குப் போடுங்கள்.